வேப்பமரத்தடியில் எதற்குச் சிரித்தீர்கள்?

தம்பி,

போனில் கேட்டால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதையெல்லாம் உன் தங்கச்சியிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டாயிற்று. அதில் தாளை வீணாக்கப் போவதில்லை. புத்தி சொல்லப் போவதாகவும் பயப்படாதே. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். உனக்கும் சரண்யாவுக்கும் விவாகரத்து ஆன அன்றைக்குப் பெரம்பலூர் கோர்ட்டிலிருந்து வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, இரண்டு பேரும் எதற்காக அப்படிச் சிரித்தீர்கள்?

நான் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றிருந்தேன். உன் மாமா, அதாவது சரண்யாவைப் பெற்ற என் அண்ணன், எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருந்தார். இரண்டு குடும்பமும் தனித்தனியாக வந்திருக்க, நீ மட்டும் சென்னையிலிருந்து ரயிலில் அரியலூரில் இறங்கி, சரண்யாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாய். அதைப் பார்த்துவிட்டு வக்கீலின் குமாஸ்தா என்னிடம் வந்து, "ஏம்மா, இவங்கதான் அந்தப் பார்ட்டியா? வேற யாராச்சுமா?" என்று கேட்டார். எனக்கு மானமே போயிற்று. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து நீங்கள் வெளியே வந்தீர்கள். அழுவீர்கள், இல்லையென்றால் ஆளுக்கொரு பக்கம் போவீர்கள் என்று பார்த்தால், நீ அவள் காதில் என்னவோ சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தில் சாய்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தச் சிரிப்பு என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. "உங்கம்மாவ போலீஸ்ல சேத்திருந்தா பெரம்பலூர் மாவட்டத்துல ஒரு திருடன் இருக்க மாட்டான்" என்று உன் அப்பா என்னைக் கேலி செய்வது உனக்குத் தெரியும். ஒரு விஷயம் தெரியவில்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை நான் கேட்காமல் விட்டிருக்கிறேன். அது உன் கல்யாணம். அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் என் அண்ணன்தான். நான் வாலிகண்டபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அவர் அரியலூரில் இருந்தார். ஆளாளுக்குக் குடும்பம், காடு கழனி, பிள்ளை என்று ஆனபிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் பார்த்துக்கொண்டோம். அண்ணி மாசமாக இருந்தபோது, "பொண்ணு பொறந்தா என் வூட்டுக்குத்தான்" என்று நான் சொன்னேன். "வேற எங்க குடுப்பேன்?" என்றார் அண்ணன். முறைப்பெண்ணைக் கட்டினால் உறவு விட்டுப்போகாது என்று எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். நீயும் அவளும் பெரியவர்களானதும் தனித்தனியாகக் கேட்டோம். இரண்டு பேரும் "சரி" என்றீர்கள். குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால் சொல்வாயே, அந்த மாதிரி ஒரு சரி. வந்தவர் போனவரையெல்லாம் குடைந்து குடைந்து கேட்கிற நான், அந்தச் சரிக்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அண்ணன் வீட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு உங்கள் இரண்டு பேரையும் பிடித்துக் கட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது.

கல்யாணமான புதிதில் ரஞ்சன்குடி கோட்டைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி நின்று, ரோட்டில் சென்னைக்குப் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் கீழேயே ஒரு சுவரோரம் குந்தி உட்கார்ந்து, கல்லைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரை ஒருவர் கூப்பிடவும் இல்லை, தேடவும் இல்லை. "எவ்வளவு அனுசரணையான சோடி பாருங்க, தொந்தரவே இல்ல" என்று உன் அப்பாவிடம் பூரித்துப்போய்ச் சொன்னேன். அவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவளுக்குச் சென்னை ஒத்துக்கொள்ளவில்லை. அரியலூர் சிமெண்ட் ஃபேக்டரியில் சுண்ணாம்புக்கல்லைச் சோதிக்கிற லேபில் வேலை கிடைத்ததும் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அண்ணி தவறிப்போய் அண்ணனும் தனியாக இருந்தார். நீ ஆரம்பத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரயிலேறி வந்தாய். அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு வாரம். அப்புறம் மாதம் ஒருமுறை. நானோ, என் மகன் வீட்டில் ஒருநாள் ஒரு சத்தம் கேட்டதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். போன வருஷம் இரண்டு பேரும் சேர்ந்தே வந்து, நம் அடுப்படியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னீர்கள். "ஒரு வெள்ளிக்கெழம டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்லயே நின்னுடுச்சும்மா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு" என்றாய் நீ. அவள் உடனே, "எனக்கும்தான் அத்தை. போன்ல அச்சச்சோன்னு சொன்னேன். வெச்சதும் அப்பாடான்னு படுத்துட்டேன்" என்றாள். ஒரே நாளில், ஒரே ரயில் கிடைக்காததற்கு, இரண்டு ஊரிலும் இரண்டு பேரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கிறீர்கள். இதை எப்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டீர்கள்? யார் முதலில் வாயைத் திறந்தது? சொல்லும்போது பயமாக இல்லையா?

எனக்கும் உன் அப்பாவுக்கும் மோட்டார் போடுவதிலிருந்து மோர்க்குழம்பு வரைக்கும் தினமும் தகராறுதான். அவர் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினால் எனக்கும் அப்பாடா என்றுதான் இருக்கும். முதல் நாள் கட்டிலில் காலை நீட்டிப் படுப்பேன். இரண்டாம் நாள் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துத் தின்பேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பேன், இந்த மனுஷன் எங்கே தொலைந்தார் என்று. உங்களுக்கு அந்த மூன்றாம் நாள் வரவேயில்லை போலிருக்கிறது. வராததற்கு யாரைத் திட்டுவது? அது எனக்கு இன்னமும் விளங்கவில்லை. போன மாதம், விதைக்கென்று சேர்த்து மூடி வைத்திருந்த வெங்காயப் பட்டறையைப் பிரித்தோம். சில வெங்காயம் மேலே பார்த்தால் நல்ல சிவப்பாக, கெட்டியாக இருக்கும். கையில் எடுத்து அமுக்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் சருகு. அழுகல் கிடையாது, நாற்றம் கிடையாது. அழுகினதாக இருந்தால் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்திருக்கும். இது எதையும் கெடுக்கவில்லை, தானாகக் காய்ந்துவிட்டது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று ஊரில் உன்னைப் பற்றிச் சொல்கிறார்கள். நீங்கள் சுமுகமாகத்தான் முடித்துக்கொண்டீர்கள். முடியாமல் போனது எங்களுக்குத்தான். மத்தியஸ்தத்துக்கு உடையார்பாளையத்திலிருந்து நம் சொந்தத்தில் ஒரு பெரியவரைக் கூட்டிவந்தோமே, அதை நினைத்தால் இப்போது சிரிப்பாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. அவர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, உன்னிடம் ஆரம்பித்தார்.

"சொல்லு மாப்ள, பொண்ணுகிட்ட என்னா கொற?"

"கொற ஒண்ணும் இல்லீங்க."

"நீ சொல்லும்மா. குடிக்கிறானா? கைய நீட்றானா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. எனக்குக் காய்ச்சல்னா சென்னையிலேருந்து ஓடி வந்துருவாரு."

"அப்ப மாமியாரா?" என்று அவர் என் பக்கம் திரும்பினாரே, எனக்குத் திக்கென்றது. நல்லவேளை, சரண்யா எழுந்தே நின்றுவிட்டாள். "எங்க அத்தையைச் சொன்னீங்கன்னா நான் போயிருவேன்" என்றாள்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "என்னய்யா இது, கூத்தா இருக்கு? குத்தம்னு ஒண்ணு இருந்தாத்தானே நான் தீத்து வெக்க முடியும்? எங்க காலத்துல துரும்பக் கிள்ளிப் போட்டுட்டு அத்துக்கிட்டுப் போவாங்க. அப்பக்கூட ஒரு காரணம் சொல்லுவாங்கய்யா!" என்று, போண்டாவைத் தின்று காப்பியைக் குடித்துவிட்டுப் போயே போய்விட்டார்.

அவர் போனதும் அந்தக் குற்றத்தை நாங்கள் கண்டுபிடித்தோம். "பையன மெட்ராஸுக்கு ஓட்டி வுட்டுட்டு நீ இங்க வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்த. வெளங்குமா?" என்று அண்ணன்தான் ஆரம்பித்தார். நான் சும்மா இருப்பேனா? "கட்டிக் குடுத்த பொண்ண வேலைக்குப் போன்னு அரியலூருக்கு இழுத்தது யாரு? ஒனக்குச் சோறாக்கிப் போட ஆளு வேணும், அதான?" என்றேன். சொன்ன வாய் அழுகிப்போக. அண்ணி இல்லாத வீட்டில் அந்த மனுஷனைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "இனிமே ஒன் வூட்டு வாசப்படிய மிதிச்சா என்ன ஏன்னு கேளு" என்று எழுந்தார். "வராட்டிப் போ, யாரு ஒன்ன வெத்தலபாக்கு வெச்சு அழைச்சா?" என்று கத்தினேன். பிரியப் போகிற நீங்கள் இரண்டு பேரும் எங்கள் இரண்டு பேரையும் பிடித்து விலக்கிவிட்டீர்கள். அதன்பிறகு கோர்ட்டு வாசலில்தான் அண்ணனைப் பார்த்தேன். நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம்.

தை மாதம் உன் தங்கச்சிக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டி, மாலை போடாமல் பெண்ணை எப்படி மணையில் உட்கார வைப்பது? "ஒஞ் சித்தப்பா மவன் ஒருத்தன் இருக்கான்ல, அவன நிக்க வெச்சுக்கலாம்" என்றார் உன் அப்பா. அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை. சபையில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது ஒருபக்கம் கிடக்கட்டும். எனக்கு அண்ணன் வேண்டும் தம்பி. எந்த உறவு அறுந்துவிடக் கூடாது என்று உங்களைக் கட்டிவைத்தேனோ, அது உங்களாலேயே அறுந்துபோயிற்றே என்று உன்மேல் எனக்கு ஆத்திரம்கூட இருந்தது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இவ்வளவும் எழுதி மடித்து அரிசி டின்மேல் வைத்திருந்தேன். தபாலில் போடுவதற்குள் சரண்யா வந்தாள். ஆகவே மீதியையும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், உன் ஹெல்மெட் அவளிடம் தங்கிவிட்டதாம், கொடுத்துவிட்டுப் போக வந்தாள். ஹெல்மெட் ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியாதா? முறத்தை நடுவில் போட்டு இரண்டு பேரும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தோம். மருமகளாக இருந்த வரைக்கும் அவளை நான் வெங்காயம் உரிக்க விட்டதில்லை, நகம் கெட்டுவிடும் என்று. அன்றைக்கு அவளே கத்தியை எடுத்துக்கொண்டாள். எனக்கு அரிப்பு தாங்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது அத்தை."

"கோவிச்சுக்க மாட்டேன், சொல்லு."

"சத்தியமா?"

"வெங்காயத்து மேல சத்தியமா. சொல்லுடி!"

"நீங்க சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட நின்னீங்களா, அப்பா ஜெராக்ஸ் கடையில நின்னாரா. ரெண்டு பேரும் பைய அக்குள்ல இடுக்கிக்கிட்டு, ஒதட்ட ஒரே மாதிரி பிதுக்கிக்கிட்டு, ஆளுக்கொரு பக்கமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னீங்க. ஒங்க மவன்தான் காட்டுனாரு. 'அங்க பாரு, டைவர்ஸு அவங்க ரெண்டு பேருக்கும்தான் ஆயிருக்குது. நாம சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவங்க'ன்னாரு. என்னால அடக்க முடியல அத்தை."

எனக்கு வந்ததே கோபம்! பெற்ற தாயைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போய்க் கொல்லையில் நின்றுகொண்டேன். உள்ளே உன் அப்பா, புரையேறிப் புரையேறிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "எம் மவன் சரியாத்தான்டி சொல்லியிருக்கான்" என்று அங்கிருந்தே கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. உதடு பிதுங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிதுங்கித்தான் இருந்தது.

கிளம்பும்போது ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுக்கொண்டே சரண்யா சொன்னாள்: "அப்பா தெனமும் காலண்டரக் கிழிக்கிறப்ப தை எப்பப் பொறக்குதுன்னு என்கிட்ட கேக்குறாரு. கல்யாணப் புள்ளைக்கு என்னா கலரு பட்டு புடிக்கும்னு கேக்குறாரு. நீங்களே போன் பண்ணிக் கேளுங்கன்னா, 'அவ கூப்புடட்டும்'ங்குறாரு." நானும் இங்கே அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் முதலில் கூப்பிடட்டும் என்று. பிரிந்துபோன நீங்கள் ஹெல்மெட்டைக் கொடுக்க வருகிறீர்கள், போகிறீர்கள். ஒரு வயிற்றில் பிறந்த நாங்கள் எவர் முதலில் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

மறுநாளே கிளம்பிவிட்டேன். தாம்பாளத்தில் வெற்றிலைபாக்கு, மஞ்சள், பழம், முதல் பத்திரிகை. பெரம்பலூரில் பஸ் மாறி, அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. பக்கத்திலிருந்த பெண், "தட்டெல்லாம் பலமா இருக்கு, எங்கேக்கா விசேஷம்?" என்று கேட்டாள். "எங்கண்ணனுக்குப் பத்திரிக வெக்கப் போறேன்" என்றேன். எங்கண்ணன் என்று வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று! அவள் மேற்கொண்டு கேட்டதற்கெல்லாம் எங்கண்ணன், எங்கண்ணன் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சரண்யாதான் கதவைத் திறந்தாள். "வாங்க அத்தை." அண்ணன் கூடத்தில் ஈசிச்சேரில் இருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெண்ணிடம், "யாரு வந்துருக்கறாங்க, என்னா வேணுமாம்னு கேளு" என்றார். எனக்குச் சுரீர் என்றது. "ஒங்கப்பாகிட்ட சொல்லும்மா, பத்திரிக வெக்க வந்திருக்கேன்னு" என்றேன். "கல்யாணம் எந்த மண்டபம்னு கேளு." "சமுதாயக் கூடத்துலன்னு சொல்லு." நடுவில் நின்ற சரண்யா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. நீங்களே பேசிக்குங்க" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அண்ணன் தட்டைப் பார்த்தார். "வெத்தலபாக்கு வெச்சு அழைக்க வந்தியா?"

"ஆமா. அன்னிக்கு நான்தானே கேட்டேன், யாரு வெச்சு அழைச்சான்னு. அதான் நானே வந்தேன். அன்னிக்கு நான் பேசுனது தப்புண்ணே. ஒன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அரக்குல எடுக்கட்டுமா, மாம்பழக் கலருல எடுக்கட்டுமா? யாரைக் கேக்கறதுன்னு தெரியாம ரெண்டு மாசமா முழிக்கிறேன்" என்றார். நான் அழுதுவிட்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த ஊர்ப் புழுதி கண்ணைக் கெடுக்கிறது என்றார். மூடின கூடத்துக்குள் எந்த லாரி வந்து புழுதியைக் கிளப்பிற்று என்று நான் கேட்கவில்லை. பார், எனக்கும் கேட்காமல் இருக்கத் தெரிகிறது.

தம்பி, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. சரண்யாவும் வருவாள். தாய்மாமன் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணனுக்கு முன்னால் நடந்து வருவாள். யாரென்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்: என் அண்ணன் மகள். உனக்குக் கட்டிக்கொடுப்பதற்கு முன்னாலும் அவள் அதுதான், இப்போதும் அதுதான். உனக்கோ அவளுக்கோ நாளைக்கு வேறு ஒரு துணை அமைந்தால், முதலில் எனக்குச் சொல்லிவிடுங்கள். இந்தத் தடவை "சரி" என்று சொன்னால் மட்டும் விடமாட்டேன். எந்த மாதிரிச் சரி என்று கேட்பேன்.

அன்றைக்கு அண்ணன் வீட்டிலேயே சாப்பிட்டேன். சாப்பிடும்போது, நீங்கள் வேப்பமரத்தடியில் எதற்குச் சிரித்தீர்கள் என்பதை அவரிடம் சொன்னேன். மனுஷன் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். ஆனால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றது நான்தானாம், அவர் சும்மா வெயிலுக்கு முகத்தைத் திருப்பினாராம். பச்சைப் பொய். பஸ் ஏறுகிற வரைக்கும் இதே சண்டைதான். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று போன் செய்து மறுபடியும் ஆரம்பித்தார். நீதான் நேரில் பார்த்தவன். உள்ளதைச் சொல், எங்களில் யார் மூஞ்சி அதிகமாகக் கோணியிருந்தது?

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா